கலர் யாருக்குச் சொந்தம்?

போன மாதம் ஜெயங்கொண்டம் போயிருந்தேன். சொந்த ஊர். பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு டீ சொல்வதற்குள் ஏழெட்டு பையன்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஊரில் ஃபுட்பால் ஆடுகிற பசங்க. "சித்தப்பா, ஒரு பஞ்சாயத்து. நீங்கதான் தீர்த்து வைக்கணும்" என்றான் அண்ணன் மகன்.

விஷயம் இதுதான். டீமுக்குப் புது ஜெர்ஸி அடிக்க வேண்டும். திருப்பூரில் விலை விசாரித்தாயிற்று. டிசைன்கூட மொபைலில் ரெடி. உள்ளூர்க் கடைக்காரர் ஒருவர் முழுச் செலவையும் ஏற்கிறேன் என்கிறார். சட்டை, டிரவுசர், சாக்ஸ், கூடவே இரண்டு பந்து. ஒரே ஒரு நிபந்தனை. ஜெர்ஸி ஆரஞ்சு கலரில் இருக்க வேண்டும். ஏனென்றால் அவர் கடை போர்டு ஆரஞ்சு, பை ஆரஞ்சு, டெலிவரி வண்டியும் ஆரஞ்சு.

டீமின் கலரோ மயில்கழுத்து. இருபது வருடமாக அதுதான். எப்படி வந்தது என்று கேட்டால் சிரிப்பீர்கள். அந்தக் காலத்தில் கும்பகோணத்துக்கு ஜெர்ஸி வாங்கப் போனவர்களுக்கு, ஒரே கலரில் ஒரு டீமுக்குத் தேவையான அளவு சட்டை அந்த ஒரு கலரில்தான் கிடைத்தது. அவ்வளவுதான் வரலாறு!

இப்போது பையன்கள் இரண்டு கட்சி. "கலர்ல என்ன இருக்கு? ஓசியில வருது, வாங்கிப் போட்டுக்குவோம்" என்று ஒரு பாதி. "அதெப்படி? போன தடவை உடையார்பாளையத்துல ஆடினப்ப 'மயில்கழுத்து மயில்கழுத்து'ன்னுதானே கத்துனாங்க" என்று இன்னொரு பாதி. கோல்கீப்பர் மட்டும் சாயம் போன மஞ்சள் பனியனோடு ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான்.

நான் பி.காம். படித்தவன். ஓசியில் வருகிற பணத்தை வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. ஆனாலும் உடனே பதில் சொல்லவில்லை. காரணம், 1990.

அந்த வருட உலகக் கோப்பையை நான் ஜெயங்கொண்டத்தில் கறுப்பு வெள்ளை டி.வி.யில் பார்த்தேன். ஆண்டெனாவைத் திருப்ப ஒரு ஆள் மாடியில், "தெரியுதா?" என்று அவன் கத்த, "போச்சு போச்சு" என்று நாங்கள் கத்த... மேற்கு ஜெர்மனிக்காரர்களின் வெள்ளைச் சட்டையில், நெஞ்சுக்குக் குறுக்கே ஈ.சி.ஜி. மாதிரி வளைந்து நெளிந்து சில கோடுகள் ஓடும். அவை கறுப்பு, சிவப்பு, பொன் நிறம் என்பது பிற்பாடு ஒரு பத்திரிகையின் நடுப்பக்கக் கலர் படத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவர்களுடைய கொடியின் நிறங்கள்! வரைந்தவர் இனா ஃப்ரான்ஸ்மன் என்ற பெண்மணி. 1989 நவம்பரில் பெர்லின் சுவர் விழுந்தது, 1990 ஜூலையில் அந்தச் சட்டை உலகக் கோப்பையை ஜெயித்தது, அக்டோபரில் இரண்டு ஜெர்மனியும் ஒன்றாயின. அன்றைக்குப் பிடித்த ஜெர்ஸிப் பைத்தியம் எனக்கு இன்னும் தெளியவில்லை. எந்த டீம் புதுச் சட்டை போட்டாலும் ஆட்டத்தைப் பார்க்கிறேனோ இல்லையோ, சட்டையைப் பார்த்துவிடுவேன்.

ஆகவே பையன்களைக் கூட்டிக்கொண்டு நேரே பெரியப்பா வீட்டுக்குப் போனேன். எங்கள் ஊர்ப் பக்கம் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் ஏராளம். பெரியப்பா நாற்பது வருடம் பட்டுத்தறியில் உட்கார்ந்தவர். அவரிடம் போய் பொதுவாகப் 'பச்சை' என்று சொல்லிப் பாருங்கள், முறைப்பார். கிளிப்பச்சையா, இலைப்பச்சையா, பாசிப்பச்சையா? ஃபுட்பால் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தேவையான நீதிபதி அவர்தான்.

மொபைலில் ஒவ்வொரு படமாகக் காட்டினோம். 2024-ல் ஜெர்மனி போட்ட வெளியூர் ஜெர்ஸி. அங்கே பெரிய சர்ச்சையைக் கிளப்பிய சட்டை அது. "மேல ரோஸு, கீழ இறங்க இறங்க வாடாமல்லி. கலர் நல்லா ஓடியிருக்கு" என்று பாஸ் போட்டுவிட்டார். ஜெர்மனியிலும் அதுதான் நடந்தது. முதலில் முணுமுணுத்தார்கள், அப்புறம் கடை கடையாக அள்ளிக்கொண்டு போனார்கள்.

அதே 2024-ல் இங்கிலாந்து சட்டை. காலரின் பின்பக்கம் குட்டியாக ஒரு சிலுவை. அவர்கள் கொடியில் சிவப்பாக இருப்பதை நைக்கி கம்பெனி ஊதா, நீலம், ரோஸ் என்று மாற்றி வைத்தது. ஒரு இன்ச் துணி! அதற்கு அன்றைய பிரதமர் ரிஷி சுனக் கண்டனம் சொன்னார், எதிர்க்கட்சித் தலைவர் ஸ்டார்மரும் மாற்றச் சொன்னார். இரண்டு பேரும் ஒத்துப்போன அபூர்வமான விஷயங்களில் அதுவும் ஒன்று. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். "இது சாமி கும்புடுற குறியா? அப்ப அதுல கை வைக்கலாமா?"

பாருங்கள், வெளியூர்ச் சட்டையில் வாடாமல்லி என்றால் ரசிக்கிறார். குறியில் கை வைத்தால் கேள்வி கேட்கிறார். என் கட்சியும் ஏறக்குறைய அதுதான். ஆனால் பையன்கள் விடுவதாக இல்லை. "கலருங்கிறதே தற்செயலா வர்றதுதானே சித்தப்பா? நம்ம கலரே கும்பகோணத்துக் கடைக்காரர் குடுத்ததுதானே?"

நியாயமான கேள்வி. உலகத்தில் பெரிய பெரிய டீம்களின் கதையும் கும்பகோணத்துக் கதைதான்!

இத்தாலியின் யுவென்டஸ் எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளைக் கோடு என்றால் உலகத்துக்கே அவர்கள் ஞாபகம்தான் வரும். 1897-ல் ஆரம்பித்தபோது அவர்கள் சட்டை ரோஸ். துவைக்கத் துவைக்க வெளுத்துப்போனது. ("மட்டமான சாயம்" - பெரியப்பா.) 1903-ல் டீமிலிருந்த ஒரு ஆங்கிலேயர் நாட்டிங்ஹாமில் உள்ள நண்பருக்கு எழுதி புதுச் சட்டை அனுப்பச் சொன்னார். அந்த ஊர் நாட்ஸ் கவுன்ட்டி டீமின் கறுப்பு வெள்ளைச் சட்டைகள் வந்து சேர்ந்தன. போட்டுக்கொண்டார்கள். நூற்றிருபது வருடம் தாண்டியும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நம் நாட்டிலேயே ஒன்று உண்டு. 1920-ல் கல்கத்தாவில் ஜோராபகான் என்ற டீம். மோகன் பகானோடு மோத வேண்டிய நாளில் சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரை உட்கார வைத்துவிட்டார்கள். அவர் கிழக்கு வங்காளத்துக்காரர். அதே மண்ணைச் சேர்ந்த துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சவுத்ரி கோபித்துக்கொண்டு வெளியே வந்தார். அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் ஈஸ்ட் பெங்கால் கிளப். சட்டைக்கு எங்கே போவது? சவுரங்கியில் வைட்அவே லெய்ட்லா என்று வெள்ளைக்காரர் துணிக்கடை. நம் மவுண்ட் ரோட்டிலும் அவர்களுக்குக் கடை இருந்தது. அங்கே கண்ணாடிக்குள் தொங்கிய சிவப்பும் பொன் நிறமும் கலந்த சட்டை கண்ணில் பட்டது, வாங்கிவிட்டார்கள் என்று கிளப்பின் பழைய ஆட்கள் சொல்லும் கதை.

கடையில் தொங்கியதுதான். ஆனால் 1947-ல் தேசம் இரண்டானபோது என்ன ஆயிற்று என்று யோசித்துப் பாருங்கள். வீடு, குளம், தென்னந்தோப்பு எல்லாவற்றையும் எல்லைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டுக் கையில் மூட்டையோடு கல்கத்தா வந்து இறங்கிய லட்சக்கணக்கான குடும்பங்களுக்குத் தங்கள் ஊரின் பெயரைத் தாங்கிய டீம் ஒன்று அங்கே ஏற்கெனவே இருந்தது. சனி ஞாயிறுகளில் மைதானத்தில் போய் அந்தச் சிவப்பு, பொன் சட்டையைப் பார்த்தால் ஊரைப் பார்த்த மாதிரி. அவர்கள் ஜெயித்தால் வீட்டில் இலிஷ் மீன் குழம்பு, மோகன் பகான் ஜெயித்தால் எதிர்க்கட்சி வீட்டில் இறால். ஒரு துணிக்கடைக்காரர் ஜன்னலில் மாட்டிய கலர், ஒரு தலைமுறைக்கு இழந்த மண்ணின் கலராகிவிட்டது. தற்செயலாக வந்ததுதான், ஒப்புக்கொள்கிறேன். நம் பெயரும் அப்பா அம்மா ஏதோ ஒரு நாளில் வைத்ததுதான். அதற்காக யாரோ பணம் கொடுத்தால் மாற்றிக்கொள்வோமா?

"அப்ப கலரையே மாத்தினவங்க யாரும் ஜெயிக்கலையா?"

ஜெயித்திருக்கிறார்கள். அதுவும் யார் தெரியுமோ? பிரேசில்!

மஞ்சள் சட்டை இல்லாத பிரேசிலைக் கற்பனை செய்ய முடிகிறதா? 1950 வரை அவர்கள் போட்டது வெள்ளைச் சட்டை, நீலக் காலர். அந்த வருடம் ஜூலை 16, ரியோவின் மரக்கானா மைதானம். சொந்த மண்ணில் உலகக் கோப்பை. டிரா செய்தாலே போதும். உருகுவே 2-1 என்று ஜெயித்துவிட்டது. தேசமே துக்கம் காத்தது. பழி யார்மேல்? கோல்கீப்பர் மேல் ஒரு பாதி, பாவம் அந்த வெள்ளைச் சட்டைமேல் ஒரு பாதி. ராசியில்லாத கலர், அதில் தேசத்தின் அடையாளமே இல்லை என்று ஆளாளுக்குப் பேசினார்கள்.

1953-ல் 'கொரேயோ டா மன்யா' என்ற பத்திரிகை ஒரு போட்டி வைத்தது. தேசியக் கொடியின் நான்கு நிறங்களும், அதாவது பச்சை, மஞ்சள், நீலம், வெள்ளை, எல்லாமே வருகிற மாதிரி ஒரு டிசைன் வேண்டும். யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். நான்கையும் ஒன்றாகப் போட்டால் சர்க்கஸ் கூடாரம் மாதிரி ஆகிவிடும், இல்லையா? ஜெயித்தவர் பத்தொன்பது வயதுப் பையன், அல்டிர் கார்சியா ஷ்லீ. பத்திரிகைக்குப் படம் போடுகிறவர். மஞ்சள் சட்டை, பச்சைக் காலர், நீல டிரவுசர், வெள்ளை சாக்ஸ். எளிமையாக முடித்துவிட்டார். 1954 மார்ச்சில் சிலிக்கு எதிராக அந்தச் சட்டை முதன்முதலில் மரக்கானாவில் இறங்கியது.

இதில் ஒரு வேடிக்கை. ஷ்லீ பிறந்த ஊர் ஜகுவாரோ. உருகுவே எல்லையில் இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் அந்த நாடு. மனிதர் கடைசிவரை உருகுவே ரசிகர்! 2018-ல் தன் எண்பத்து மூன்றாவது வயதில் இறக்கும்வரை அதை மறைக்கவே இல்லை.

1958 ஃபைனலில் இன்னொரு கூத்து. எதிராளி ஸ்வீடனும் மஞ்சள். குலுக்கலில் பிரேசில் தோற்று, கலரை மாற்ற வேண்டியதாயிற்று. கையில் வேறு சட்டை இல்லை. அவசரமாக ஸ்டாக்ஹோமில் நீலச் சட்டை வாங்கி, சின்னத்தைப் பிரித்து அதில் வைத்துத் தைத்தார்கள். வீரர்கள் முகம் தொங்கிவிட்டது. அணித் தலைமை அதிகாரி கார்வாலோ சொன்னார், அது நம் அபரசீதா மாதாவின் அங்கியின் நிறம், பயப்படாதீர்கள் என்று. 5-2 என ஜெயித்தார்கள். இரண்டாவது சட்டை அன்றிலிருந்து நீலம். 2025 ஏப்ரலில், அடுத்த உலகக் கோப்பைக்கு நீலத்துக்குப் பதிலாகச் சிவப்பு வரப்போகிறது என்று ஒரு செய்தி கசிந்ததும் அங்கே எழுந்த கூச்சலில், நீலம்தான், நீலமேதான் என்று ஃபுட்பால் சம்மேளனம் அறிக்கை விட வேண்டியிருந்தது.

கவனியுங்கள். பிரேசில் கலரை மாற்றியது. ஆனால் ஊரே கேட்டு, ஊருக்கே போட்டி வைத்து மாற்றியது. நம் ஆரஞ்சுக்காரர் விவகாரம் அப்படியா?

ஆரஞ்சுக்கு வருவதற்குமுன் சாம்பலைப் பற்றி ஒரு வார்த்தை. 1996 ஏப்ரலில் மான்செஸ்டர் யுனைடெட் சாம்பல் நிறச் சட்டையில் சவுத்தாம்ப்டன் போய் இடைவேளைக்குள் மூன்று கோல் வாங்கியது. கூட்டத்தின் பின்னணியில் சக ஆட்டக்காரனே கண்ணுக்குத் தெரியவில்லை என்று இடைவேளையில் நீலம், வெள்ளைச் சட்டைக்கு மாறினார்கள். ஒரு கோல் திருப்பினார்கள், 3-1 தோல்வி. சாம்பல் சட்டை அத்தோடு பெட்டிக்குள் போனது. சிமென்ட் தூசியில் வளர்ந்த அரியலூர்க்காரனைக் கேட்டிருந்தால் முன்னாடியே சொல்லியிருப்பான்!

சரி, பணத்துக்கு வருவோம். என் சப்ஜெக்ட் அதுதான்.

1974 வரை ஜெர்ஸி என்பது ஆட்டக்காரர் போடுகிற துணி. அந்த வருடம் லெஸ்டர் நகரத்து அட்மிரல் என்ற கம்பெனி இங்கிலாந்து அணிக்குச் சட்டை கொடுக்க ஒப்பந்தம் போட்டது. தோளிலும் கையிலும் கோடு போட்டு டிசைன் செய்து, அதே சட்டையைக் கடையில் சின்னப் பசங்களுக்கு விற்றது. அங்கேதான் ஆரம்பம். டிசைனை மாற்றினால் மறுபடி வாங்குவார்கள். வருடா வருடம் மாற்றினால் வருடா வருடம் வாங்குவார்கள்! வீட்டுச் சட்டை, வெளியூர்ச் சட்டை, மூன்றாவது சட்டை என்று பெருகியதற்குக் காரணம் கலை ஆர்வம் இல்லை. மான்செஸ்டர் யுனைடெட் சட்டையைத் தைக்கும் உரிமைக்காக மட்டும் அடிடாஸ் 2014-ல் ஒத்துக்கொண்ட தொகை பத்து வருடத்துக்கு 75 கோடி பவுண்டு.

இன்னொரு பக்கம் விளம்பரதாரர்கள். 1973-ல் ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் என்ற டீமுக்கு யேகர்மைஸ்டர் மதுபானக் கம்பெனி பணம் தர வந்தது. சட்டையில் விளம்பரம் கூடாது என்பது அன்றைய விதி. என்ன செய்தார்கள் தெரியுமா? கிளப்பின் சின்னமான சிங்கத்தைத் தூக்கிவிட்டு, மதுபாட்டிலில் இருக்கும் மான் தலையையே கிளப் சின்னமாக்கிவிட்டார்கள். உறுப்பினர்கள் ஓட்டுப்போட்டு! நம் ஊரிலும் 1998-ல் விஜய் மல்லையாவின் கம்பெனி மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் இரண்டுக்குள்ளும் நுழைந்தது. ஒன்று மெக்டவல் மோகன் பகான், இன்னொன்று கிங்ஃபிஷர் ஈஸ்ட் பெங்கால். பரம வைரிகள் இருவருக்கும் ஒரே கல்லாப்பெட்டி. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், கலரில் அவர் கை வைக்கவில்லை.

கை வைத்தவர் வின்சென்ட் டான். மலேசியக் கோடீஸ்வரர். வேல்ஸில் கார்டிஃப் சிட்டி கிளப்பின் முதலாளி. நூறு வருடமாக நீலம் அணியும் டீம், செல்லப் பெயரே 'நீலப்பறவைகள்'. 2012 ஜூனில் வீட்டுச் சட்டை சிவப்பு என்று அறிவித்தார். சின்னத்தில் பறவை சுருங்கிக் கீழே போக, டிராகன் பெரிதாக வந்து உட்கார்ந்தது. ஆசியாவில் சிவப்பு ராசி, விற்கும் என்பது கணக்கு. பதிலுக்குப் பணம் கொட்டுகிறேன் என்றார், கொட்டவும் செய்தார். ரசிகர்களும் இரண்டு கட்சியானார்கள். "கலர்ல என்ன இருக்கு, ஜெயிச்சா போதும்" என்ற கட்சி அங்கேயும் உண்டு.

ஜெயித்தார்கள்! 2013-ல் அந்தச் சிவப்புச் சட்டையோடுதான் பிரீமியர் லீகுக்கு ஏறினார்கள். அதற்காகவே ஐம்பது வருடத்துக்கு மேல் காத்திருந்த ஊர். ஆனாலும் நீல மஃப்ளரோடு வந்தவர்கள் நீல மஃப்ளரோடுதான் வந்தார்கள். மைதானத்தில் பதினோரு பேர் சிவப்பு, சுற்றிலும் ஆயிரக்கணக்கில் நீலம். தங்கள் வெற்றியைத் தாங்களே கொண்டாட முடியாமல் தவித்த கூட்டம் அது. அடுத்த வருடம் கீழே இறங்கினார்கள், நாற்காலிகள் காலியாயின. 2015 ஜனவரியில் டான் இறங்கி வந்தார். ஒற்றுமை முக்கியம் என்று அம்மா சொன்னாராம். வீட்டுச் சட்டை மறுபடி நீலம்.

அக்கவுன்டன்சியில் 'குட்வில்' என்று ஒரு பாடம் உண்டு. கையால் தொட முடியாத சொத்து. கடையை விற்கும்போது அதற்கும் ஒரு விலை போட்டு எழுதுவோம். டான் கிளப்பை வாங்கியபோது அதற்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்தார். ஆனால் அந்தச் சொத்து முதலாளி பெட்டியில் இல்லை, கேலரியில் உட்கார்ந்திருந்தது. இதை என் வாத்தியார் சொல்லித்தரவில்லை.

மோகன் பகான் கதை இன்னும் நெருக்கம். 1911 ஜூலை 29. ஐ.எஃப்.ஏ. ஷீல்டு ஃபைனலில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று வென்றபோது, அவர்களில் பத்துப் பேர் வெறுங்கால், ஒருவர் மட்டுமே பூட்ஸ். வெள்ளைக்கார சிப்பாய்களை வெறுங்காலால் ஜெயித்தது அன்றைக்கு வெறும் விளையாட்டுச் செய்தி இல்லை. அந்த டீமின் கலர் பச்சையும் அரக்கும். (படத்தைப் பார்த்ததும் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பச்சை உடல், அரக்கு பார்டர்! முகூர்த்தப் புடவைடா இது!")

2020-ல் அந்த டீமின் பெரும்பங்கை சஞ்சீவ் கோயங்காவின் குழுமம் வாங்கியது. அவர்களிடம் ஏற்கெனவே ஏ.டி.கே. என்ற டீம் இருந்தது, சிவப்பு வெள்ளைக் கோடு. இரண்டும் ஒன்றாகும்போது எந்தச் சட்டை? கொல்கத்தாவே நகம் கடித்தது. அந்த ஜூலையில் கூடிய நிர்வாகக் குழு புத்திசாலித்தனமாகப் பச்சை, அரக்கை அப்படியே வைத்துக்கொண்டது. பெயரில் மட்டும் முன்னால் 'ஏ.டி.கே.' ஒட்டிக்கொண்டது. அந்த மூன்று எழுத்தைக்கூட ரசிகர்கள் பொறுக்கவில்லை. மூன்று வருடம் 'எடு, எடு' என்று கோஷம். 2023 மார்ச்சில் கோவாவில் கோப்பையை ஜெயித்த அன்றைக்கே கோயங்கா, ஏ.டி.கே.வை எடுத்துவிடுகிறேன் என்று அறிவித்தார். அந்த மே மாதம் அவருடைய லக்னோ கிரிக்கெட் டீம் ஈடன் கார்டனில் பச்சையும் அரக்கும் உடுத்தி இறங்கியது. கிரிக்கெட்டில்!

கதை முடிவதற்குள் பெரியப்பா வீட்டில் இரண்டு ரவுண்டு காபி காலி. ஓசிச் சட்டைக் கட்சி கொஞ்சம் அடங்கியிருந்தது. ஆனால் பணம்? இத்தனை பேருக்கு ஜெர்ஸி, சாக்ஸ் என்று கணக்குப் போட்டால் பசங்க கையிலிருந்து ஆகாது. நான் பாதி தருகிறேன் என்று வாயைத் திறக்கப் போனேன்.

அப்போதுதான் மஞ்சள் பனியன் பேசினான். "நான் எப்பவாவது மயில்கழுத்து போட்டிருக்கேனா?"

எல்லோரும் திரும்பினோம். உண்மைதான்! கோல்கீப்பர் தனிக் கலரில் நிற்க வேண்டும் என்பது 1909-லிருந்து இங்கிலாந்தில் ஏற்பட்ட விதி. இன்றைக்கு உலகம் முழுக்க அதுதான். டீமுக்கு ஜெர்ஸி எடுத்த ஒவ்வொரு முறையும் கோல்கீப்பருக்கு மட்டும் 'நீ ஏதாவது போட்டுக்கடா' என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

"ஆரஞ்ச எனக்குக் குடுங்க" என்றான்.

சாயங்காலம் கடைக்குப் போனோம். முதலாளி முதலில் முகம் சுளித்தார். "இத்தனை பேர்ல ஒருத்தன்தானா?" கோல்கீப்பரே பதில் சொன்னான். "முதலாளி, டீம் போட்டோ எடுத்தா தனியாத் தெரியறது யாரு?" அவர் கொஞ்ச நேரம் கல்லாவைப் பார்த்தபடி யோசித்தார். மற்ற சட்டைகளில் கடைப் பெயர் நெஞ்சில் வெள்ளை எழுத்தில், கீப்பர் சட்டை முழு ஆரஞ்சு, முதுகில் கடை போன் நம்பர் என்று பேசி முடிந்தது. ஒரு பந்தைக் குறைத்துக்கொண்டார். வியாபாரி!

ராத்திரி ஊருக்குக் கிளம்பும்போது பெரியப்பா கூப்பிட்டார். மொபைலில் இருக்கும் கலர் மயில்கழுத்தே இல்லையாம், நீலம் தூக்கலாக இருக்கிறதாம். பீரோவிலிருந்து பெரியம்மாவின் பழைய புடவையை எடுத்து, முந்தி ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்கு நூல் உருவி, காகிதத்தில் மடித்து அண்ணன் மகன் கையில் கொடுத்தார். "இந்தக் கலர்ல அடிக்கச் சொல்லு. சாயம் போச்சுன்னா என்கிட்ட கொண்டாரச் சொல்லு."

அந்த நூல் இப்போது திருப்பூரில் இருக்கிறது.